முதலில் எழுதட்டும், அப்புறம் பேசலாம்: இளைஞர் மையத்தில் யோசனைக் கூட்டம் நடத்துவது எப்படி

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் நான் ஊர்ப்புற நூலகர். நூலகத்தை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. ஒரு காலத்தில் அது பஞ்சாயத்து டிவி ரூம். வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு பூட்டிக் கிடந்தது. பஞ்சாயத்தில் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, 'இளைஞர் மையம்' என்று எழுதிப் போட்டோம். அதில் என்னென்ன நடத்துவது என்று பிள்ளைகளையே கூட்டிவைத்துக் கேட்டோம். அந்தக் கூட்டங்களில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் மன்றமோ படிப்பகமோ இருந்தால் அங்கேயும் இதே முறையைச் செய்து பார்க்கலாம்.

முதல் கூட்டம் சரியாக நடக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 23 பேர் வந்திருந்தார்கள். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நம்ம மையத்துல என்ன நடத்தலாம்? யார் வேணும்னாலும் சொல்லலாம்" என்றேன். நாற்பது நிமிடம் போனது. பேசியது நான்கு பையன்கள். கிரிக்கெட் போட்டி, சுழற்கோப்பை, ஜெர்சி என்று பலகை நிறைந்தது. சுவரோரம் ஒன்பது பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். "உங்களுக்கும் சரிதானே?" என்று கேட்டேன். தலையாட்டினார்கள். மறுநாள் குழாயடியில் அவர்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கணும்னு ஆசை. அத அத்தன பேருக்கு முன்னால எப்படிக்கா சொல்ல?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்பது பேரில் ஒருத்திகூட வரவில்லை.

பெண்பிள்ளைகளின் கூச்சம்தான் காரணம் என்று அப்போது நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் கூட்டத்தை நான் நடத்திய விதத்திலேயே கோளாறு இருந்தது என்று புரிந்தது. பிரெயின்ஸ்டார்மிங் என்கிற முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். குறை சொல்லாதே, மனம் போன போக்கில் யோசி, எண்ணிக்கை பெருகட்டும், பிறர் யோசனைமேல் உன் யோசனையைக் கட்டு என்பவை அவருடைய நான்கு விதிகள். நல்ல விதிகள். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து பேசிய நான்கு பேரைவிட, தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் யோசனைகளை ஒன்றாகச் சேர்த்தபோது அதிகம் கிடைத்தது. ஏன் என்று 1987இல் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதே முக்கியமான காரணமாகத் தெரிந்தது. தன் முறைக்குக் காத்திருப்பவர் அதற்குள் நினைத்ததை மறந்துவிடுகிறார், அல்லது இது வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். கூச்சமும் பயமும் அதற்குமேல் சேர்ந்துகொள்கின்றன.

அதனால் இப்போது எங்கள் கூட்டத்தில் பாதி நேரம் யாரும் பேசுவதில்லை. எழுதுகிறார்கள்.

நாள், நேரம், இடம்

எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். (வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: தீப்பெட்டித் தொழிற்சாலையை இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) அவர்களுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அந்த ஞாயிற்றிலும் காலையில் துணி துவைக்க வேண்டும், தண்ணீர் வரும் நாளாக இருந்தால் குடத்தோடு நிற்க வேண்டும். அதனால் தேதி குறிப்பதற்கு முன்னால் நான் தண்ணீர் திறந்துவிடும் அண்ணனிடம் எந்த நாள் முறை என்று கேட்டுக்கொள்கிறேன். மாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடித்துவிட வேண்டும். இருட்டிய பிறகும் கூட்டம் நீண்டால், அடுத்த முறை பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

இடத்தை யோசித்து முடிவு செய்யுங்கள். கோவில் மண்டபம் விசாலமாக இருக்கும், காற்றும் வரும். ஆனால் அது ஒரு தெருக்காரர்களின் மண்டபமாக இருந்தால் மற்றத் தெருப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். நூலகம், பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற பொது இடத்தில்தான் கூட்டம் நடக்க வேண்டும். இடம் நெருக்கடியாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த விஷயத்தில் நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

பெரியவர்களை எப்போது அழைப்பது என்பதையும் முன்னாலேயே தீர்மானித்துவிடுங்கள். ஒருமுறை மையத்துக்கு உதவுவதாகச் சொன்ன ஒருவர் தொடக்கத்திலிருந்தே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பேச்சுவாக்கில், "கேரம் போர்டு ரெண்டு வாங்கித் தரலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வந்த தாள்களில் பாதிக்கு மேல் கேரம் போர்டு. இப்போதெல்லாம் தலைவர், வார்டு உறுப்பினர், உதவி செய்கிறவர் எல்லோரையும் 5.40க்கு வரச் சொல்கிறேன். "பிள்ளைகள் முடிவு பண்ணதை உங்ககிட்டச் சொல்லக் காத்திருப்பாங்க, நீங்க வந்து கேட்டுக்கணும்" என்று சொல்லி அழைத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு வாரம் முன்பே குடத்தை வையுங்கள்

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் நூலக மேசைமேல் ஓர் எவர்சில்வர் குடமும் பக்கத்தில் துண்டுத் தாளும் பேனாவும் வைத்துவிடுவேன். ஷிப்டு காரணமாக வர முடியாதவர்களும், எல்லோர் முன்னிலையிலும் எழுதத் தயங்குகிறவர்களும் போகிற போக்கில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டாம். பேனாக்கள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும். பச்சை மையில் எழுதினால் யார் எழுதியது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் வேலை சுலபமாக முடியுமே என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் எப்போது என்று அறிவிக்க மட்டும்தான் அதைப் பயன்படுத்துகிறேன். எங்கள் பெண்பிள்ளைகளில் பலரிடம் இருப்பது அண்ணன் போன், அல்லது அப்பா போன். அதில் "எனக்கு ஸ்கூட்டி ஓட்டணும்" என்று தட்டச்சு செய்ய அவளால் முடியாது.

சூடுபிடிக்க ஒரு தீப்பெட்டி

கூட்டம் தொடங்கியதும் உடனே விஷயத்துக்குப் போகாதீர்கள். பத்து நிமிடம் விளையாட்டு. நான் ஒரு காலித் தீப்பெட்டியைக் காட்டி, "இதை வச்சு என்னென்ன செய்யலாம்?" என்று கேட்பேன். பொன்வண்டு வளர்க்கலாம் என்று முதலில் ஒரு குரல் வரும். நூல் கட்டி டெலிபோன், கோத்துக் கட்டினால் ரயில், பல் விழுந்தால் போட்டுவைக்க, கொலுவுக்குக் கட்டில், கம்மல் டப்பா என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இங்கே யாரும் "அதெப்படி?" என்று கேட்பதில்லை. பத்தாவது நிமிடத்தில், "இப்ப எப்படி யோசிச்சீங்களோ அப்படியேதான் இனியும்" என்று சொன்னால் போதும். ஆஸ்போர்னின் நான்கு விதிகளையும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தடை செய்கிறேன். "காசுக்கு எங்க போக?", "போன வருஷமே பாத்தாச்சு", "ஊர்ல என்ன சொல்வாங்க?" என்ற மூன்று வாக்கியங்களையும் ஒரு சார்ட்டில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, "இந்த மூணும் 5 மணிக்கு மேலதான் பேசும்" என்று சொல்லிவிடுவேன். அவை நியாயமான கேள்விகள்தான். ஆனால் அரை மணி நேரம் முன்னால் வந்தால் நல்ல யோசனைகளைக் கொன்றுவிடும்.

தலைகீழ்க் கேள்வி

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது இந்தப் பகுதிதான். "மையத்தில் என்ன நடத்தலாம்?" என்று கேட்டால், பத்திரிகையிலும் டிவியிலும் பார்த்ததைச் சொல்வார்கள். யோகா, கணினிப் பயிற்சி, விழிப்புணர்வு முகாம் என்று வரும். எழுதியவர்களே அதற்கு வர மாட்டார்கள். அதனால் முதல் சுற்றில் திருப்பிக் கேட்கிறேன்: "இந்த மையத்துக்கு ஒரு ஆள்கூட வராம இருக்கணும்னா நாம என்ன செய்யணும்?"

சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்குவார்கள். குடத்திலும் இந்தக் கேள்விக்குத்தான் அதிகத் தாள் விழும். எங்களுக்கு வந்தவற்றில் சில:

"கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பா இருக்கக் கூடாது."
"வாசல்ல பைக்கைப் போட்டு அதுமேல பத்துப் பேர் உக்காந்திருக்கணும்."
"ஆறு மணிக்கு மேல வெளிய லைட் எரியக் கூடாது."
"பெரிய அண்ணன்மாரே கேரம் ஆடணும்."
"உள்ள வந்ததும் மார்க் எவ்வளவுன்னு கேக்கணும்."

நான்கு அப்படியே உண்மை. தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகியிருந்தது. வாசலில் பைக்குகள் நின்றன. டியூப்லைட் எரியவில்லை. கேரம் போர்டு இளையவர்கள் கைக்கு வந்ததே இல்லை. ஐந்தாவதும் உண்மைதான். வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அக்கறை என்று நினைத்துக்கொண்டு மார்க் கேட்டது நான். எட்டாவதோடு நின்று வேலைக்குப் போன ஒரு பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது கேட்பதில்லை.

தாழ்ப்பாளுக்கு 60 ரூபாய் ஆனது. அன்று மாலையே வாங்கி மாட்டினோம். பைக்குகளைப் பையன்களே வேப்பமரத்தடிக்கு மாற்றினார்கள். யாரும் சொல்லவில்லை, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார்கள், அவ்வளவுதான். ஒரு நிகழ்ச்சியும் தொடங்குவதற்கு முன்னாலேயே பெண்பிள்ளைகள் திரும்பி வரத் தொடங்கியது இதனால்தான். எனவே நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள்.

எட்டுக் கட்டத் தாள்

இப்போது நேரான கேள்வி. அதையும் குறுக்கிக் கேளுங்கள். எங்களுடையது இப்படி இருந்தது: "ஞாயிறு மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை, இந்த அறையிலோ வெளி மைதானத்திலோ என்ன நடந்தால் நீங்கள் மற்ற வேலையை விட்டுவிட்டு வருவீர்கள்?" நாள், நேரம், இடம் மூன்றும் கேள்விக்குள் இருந்தால் பதிலும் தரையில் கால் ஊன்றி வரும்.

பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1968இல் ஒரு முறையை உருவாக்கினார். 6 பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடத்தில் எழுதி, தாளைப் பக்கத்தவரிடம் நகர்த்த வேண்டும். தாள் ஆறு கை மாறி முடியும்போது அரை மணி நேரத்தில் 108 யோசனைகள் வரை சேரும். நாங்கள் முதலில் அப்படியே செய்து பார்த்தோம். எழுதிப் பழக்கம் விட்டுப்போன பிள்ளைகளுக்கு மூன்று யோசனை அதிகம். நான்காவது சுற்றுக்கு மேல் எல்லோர் கையும் ஓய்ந்துவிட்டது. அதனால் ஆளுக்கு 2 யோசனை, 4 சுற்று என்று குறைத்துக்கொண்டோம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். ஒரு சுற்றுக்கு இரண்டு கட்டம், நான்கு சுற்றில் தாள் சரியாக நிரம்பும். கோடு போட வேண்டிய வேலையில்லை, அப்புறம் மடிப்பிலேயே கத்தரிக்கலாம். தாளுக்குச் செலவும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் அச்சான வீண் தாளைக் கேட்டால் கட்டாகவே தருவார்கள்.

வட்டத்தை நீங்களே பிரியுங்கள். விட்டால் தெருவாரியாகத்தான் உட்கார்வார்கள். 24 பேர் என்றால் ஆறு ஆறாக நான்கு வட்டம். 1, 2, 3, 4 என்று சொல்லவைத்து எண்வாரியாகப் பிரிக்கலாம். அதன் பிறகு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஐந்து பையன்களுக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை தனியாக மாட்டிக்கொண்டால் அவளால் எழுத முடியாது. ஒரு வட்டத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கும்படி மாற்றிவிடுங்கள்.

எழுதும்போது பேச்சு கிடையாது. கைபேசிகளை ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவேன். நேரத்துக்கு மணி அடிப்பேன். தாள் கைக்கு வந்ததும் முதலில் மேலே இருப்பதைப் படிக்க வேண்டும். பிடித்திருந்தால் அதற்குக் கீழே அதை வளர்த்து எழுதலாம், வேறொன்று தோன்றினால் அதையும் எழுதலாம். எழுத வராதவர்கள் படம் போடலாம். இது உபசாரத்துக்காகச் சொல்வதில்லை. லாரியில் லோடு ஏற்றப் போகிற ஒரு தம்பி, ஆறாவதோடு படிப்பை விட்டவன், தன் கட்டத்தில் ஒரு மின்விசிறியும் அதன் கீழே மல்லாந்து கிடக்கும் ஆளையும் வரைந்திருந்தான். அடுத்தவர் அதன் கீழே, "ஆமா, ஒண்ணும் நடத்தாதீங்க, சும்மா உக்கார விடுங்க" என்று எழுதினார். மூன்றாவது ஆள், "பழைய பாட்டு மெதுவா ஓடுனா நல்லாயிருக்கும்" என்று சேர்த்தார். நான்காவது ஆள், "போன் சார்ஜ் போட பிளக்" என்று முடித்தார். ஆறு நாளும் உடம்பு நோக வேலை பார்க்கிறவர்களுக்கு ஏழாம் நாள் என்ன வேண்டும் என்று அந்த ஒரு தாள் எனக்குச் சொன்னது. கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் அந்தத் தம்பி வாய் திறந்திருக்க மாட்டான்.

அன்று நிரம்பிய கட்டங்கள் 131. குடத்தில் விழுந்தவை தனி.

தரையில் பரப்புதல்

இங்கே ஒரு இடைவேளை. டீயும் கடலைமிட்டாயும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதனால் எங்கள் கூட்டத்தில் வேறு பலகாரம் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் சாப்பிடும்போது இரண்டு பேர் தாள்களைக் கத்தரித்து, குடத்துத் தாள்களையும் சேர்த்துக் கலக்கித் தரையில் பரப்பிவிடுவார்கள்.

பிறகு எல்லோரும் சுற்றி நின்று, பேசாமல், ஒரே மாதிரித் தாள்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நகர்த்த வேண்டும். ஒருவர் நகர்த்தியது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் மாற்றி வைக்கலாம். ஒரே தாள் இரண்டு மூன்று முறை அங்குமிங்கும் போனால், அதே வாசகத்தை இன்னொரு தாளில் எழுதி இரண்டு குவியலிலும் வைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தாள்கள் குவியல் குவியலாகிவிடும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயரை இப்போது வாய்விட்டுப் பேசி வைக்கிறோம். அன்றைக்குப் பேச்சு தொடங்குவதே இங்கேதான். பெயர் வைப்பதில் நிதானம் வேண்டும். "பெண்கள் நிகழ்ச்சி" என்று ஒரு குவியலுக்குப் பெயர் வைக்கப் போனார்கள். அதற்குள் ஸ்கூட்டி, கோலம், குரூப் 4 படிப்பு எல்லாம் கிடந்தன. பிரித்துவிடச் சொன்னேன்.

வெறுங்குச்சி ஓட்டு

எங்களுக்குக் கைவசம் நிறைய இருப்பது தீக்குச்சி. மருந்து முக்காத வெறுங்குச்சியை ஆபீசிலிருந்து ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிக்கொள்வோம். குவியலுக்கு ஒரு காலித் தீப்பெட்டி, மேலே அதன் பெயர். பெட்டிகளைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் வரிசையாக வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போகச் சொல்வோம். ஆளுக்கு ஐந்து குச்சி. ஒரே பெட்டியில் இரண்டுக்கு மேல் போடக் கூடாது. கை தூக்கச் சொன்னால் பக்கத்து ஆள் கையைப் பார்த்துத்தான் தூக்குவார்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் செய்கிறேன். பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குச்சிகளை முதல் நாளே மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடுகிறேன். எண்ணும்போது வெள்ளை எத்தனை, மஞ்சள் எத்தனை என்று தனித்தனியாகத் தெரியும். அன்றைக்குப் பையன்கள் 14 பேர், பெண்கள் 10 பேர். கிரிக்கெட் வலைப் பயிற்சிக்கு 25 குச்சி, அதில் மஞ்சள் ஒன்றே ஒன்று. காலை ஓட்டப் பயிற்சிக்கு 21, அதில் மஞ்சள் 8. ஸ்கூட்டி ஓட்டப் பழகுவதற்கு 19, அதில் மஞ்சள் 18. விசிறியடியில் சும்மா உட்கார்வதற்கு 17, அதில் மஞ்சள் 7.

மொத்தத்தை மட்டும் பார்த்து முதல் இரண்டை எடுத்திருந்தால் ஸ்கூட்டி போயிருக்கும். அந்த ஒன்பது பேரும் மறுபடி சுவரோரம் போயிருப்பார்கள். அதனால் எங்கள் கணக்கு வேறு. மொத்தத்தில் முதலாவது ஒன்று, மஞ்சளில் முதலாவது ஒன்று, இரண்டு நிறமும் கலந்து விழுந்தவற்றில் அதிகம் வாங்கியது ஒன்று. இந்த மூன்றையும் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு மேல் எடுக்காதீர்கள். ஆறு ஏழு எடுத்த ஒரு பருவத்தில் எதுவும் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. பெரும்பான்மைக்கு எதிரான முறை இது என்று ஒரு தம்பி கோபித்துக்கொண்டான். "கிரிக்கெட் போச்சா? இல்லையே" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றான். உங்கள் ஊரில் ஒதுங்கி நிற்பவர்கள் வேறு யாராகவாவது இருக்கலாம். குச்சிக்கு நிறம் கொடுப்பதை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். ஆனால் தெருவுக்கு ஒரு நிறம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த நிறம் கூட்டம் முடிந்த பிறகும் போகாது.

விசிறியடியில் உட்கார்வதை மூன்றில் ஒன்றாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குக் கதவைத் திறந்து வைத்தால் போதுமே. வியாழன் மாலைகளில் திறக்கிறோம்.

யார், எப்போது, சாவி எங்கே

5.15 ஆகியிருக்கும். சுவரில் தடை செய்து வைத்திருந்த மூன்று கேள்விகளுக்கும் இப்போது வேளை வந்துவிட்டது. தேர்வான ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ட் ஒட்டி நான்கு விஷயம் எழுதுங்கள். முதல் முறை எந்தத் தேதியில், யார் இரண்டு பேர் பொறுப்பு, எவ்வளவு செலவு வரை போகலாம், சாவி யாரிடம். முதல் தேதி 14 நாளுக்குள் இருக்க வேண்டும். தள்ளினால் ஊர்த் திருவிழா வரும், பரீட்சை வரும், ஆறிப்போகும்.

யோசனை சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டாதீர்கள். பல மன்றங்களில் செய்கிற தவறு இது. "நீதான சொன்ன, நீயே பாத்துக்க" என்று ஒருமுறை ஆகிவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். பொறுப்பேற்க முன்வருகிறவர்கள் தனியாகக் கை தூக்கட்டும். சாவியை லேசாக நினைக்க வேண்டாம். முன்பு ஒரே சாவி, அது ஒரு பையன் வீட்டில் இருந்தது. அவன் ஊரில் இல்லாவிட்டால் மையம் திறக்காது, பெண்பிள்ளைகள் போய்க் கேட்கவும் முடியாது. இப்போது இரண்டு சாவி. ஒன்று கீழத்தெருவில் ஒரு பெண்பிள்ளை வீட்டில் இருக்கிறது.

பணம் என்று எடுத்தால், முதலில் ஊரில் ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள். 2024 முதல் தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புகளைக் கொடுத்தது. எங்கள் ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்று பிரிக்காமல் இருந்தது, கேட்டதும் எடுத்துக்கொடுத்தார்கள். கிரிக்கெட்டுக்கு வலை மட்டும்தான் வாங்க வேண்டியிருந்தது. ஓட்டத்துக்குச் செலவே இல்லை. காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். கண்மாய்க் கரையில் நாடா பிடித்து அளந்து கல் நட்டோம். நேரம் பார்க்கக் கைபேசி இருக்கிறது. ஸ்கூட்டிக்குத்தான் அதிகம் யோசித்தோம். அங்கன்வாடி அக்கா ஒருவர் தன் பழைய வண்டியை ஞாயிறு ஒரு மணி நேரம் தர ஒப்புக்கொண்டார். 18 வயது முடிந்து எல்எல்ஆர் எடுத்தவர்களுக்கு மட்டும், ஹெல்மெட்டோடு, கூட ஒரு லைசென்ஸ்காரர் இருக்க வேண்டும் என்று சார்ட்டிலேயே எழுதினோம். சின்னவர்களுக்கு சைக்கிள். பெட்ரோலுக்கு ஆளுக்கு இருபது ரூபாய்.

நம் கையில் இல்லாதவையும் வரும். தெருவிளக்கு, கழிப்பறைக்குத் தண்ணீர் போல. அவற்றைக் குப்பையில் போடாமல் தனித் தாளில் எழுதி கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். எனவே 18 முடிந்த இரண்டு பேரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, வாசிக்கப் பழக்கி அனுப்புங்கள். நான் போய்ப் பேசலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளை எழுந்து நின்று வாசித்தபோது சபை கேட்ட விதமே வேறாக இருந்தது.

5.40க்குப் பெரியவர்கள் வந்ததும் சார்ட்டுகளைப் பிள்ளைகளே படித்துக் காட்டுவார்கள். 6 மணிக்குக் கூட்டம் முடியும்.

கூட்டத்துக்கு அப்புறம்

இரண்டு நாளுக்குள் எல்லாத் தாள்களையும் சுவரில் ஒட்டுங்கள். தேர்வாகாதவை உட்பட எல்லாமே. என் தாளைப் படித்தார்களா என்று வந்து தேடுவார்கள். அந்தத் தாள் அங்கே இருக்க வேண்டும். கெட்ட வார்த்தையோ ஒருவரைக் குறித்த ஏச்சோ இருந்தால் மட்டும் நான் எடுத்துவிடுவேன். எத்தனை எடுத்தேன் என்றும் கீழே எழுதிவைப்பேன்.

முதல் ஞாயிறு ஸ்கூட்டிக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். நான்கு வாரம் பார்ப்போம் என்றேன். மூன்றாவது வாரம் ஏழு பேர். மைதானத்து ஓரத்தில் அவர்களுடைய அம்மாக்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், பார்க்க. வலைப் பயிற்சிக்கு முதல் வாரமே கூட்டம், நான்காவது வாரம் பாதி. எது நிற்கும், எது நிற்காது என்பதை முதல் வாரத்தில் சொல்ல முடியாது.

தேர்வாகாத தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறோம். மூன்று மாதம் கழித்து அடுத்த கூட்டம், அன்றைக்கு முதலில் அந்த டின்னைத்தான் திறப்போம். அந்தக் கூட்டத்தை நடத்துவது நானில்லை. யார் நடத்துவது என்று குடத்தில் சீட்டுப் போட்டு எடுக்கிறோம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கவைத்து வாரியத்துக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுவுக்கு, ஆள் தேர்ந்த முறை எழுதியிருக்கிறது. அதில் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் இடம். எங்கள் எவர்சில்வர் குடத்தில் 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெயர்களை மட்டும் போடுகிறோம். போன முறை பால்வாடிக் குழந்தை ஒன்று கையை விட்டு எடுத்த சீட்டில் பத்தாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் பெயர் இருந்தது. ஒரு வாரமாக வீட்டில் மணி அடித்துப் பழகிவிட்டு வந்தாள். கூட்டம் தொடங்கியதும் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க அஞ்சே முக்காலுக்கு வாங்க" என்றாள். நான் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.